எங்கள் அளவுக்கு ஒரு சின்னப் பை

போனுக்கு எண்பதினாயிரம், ஒரு லட்சம் என்று கொடுக்கிறோம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஏறி இறங்கினால் போனும், அதற்கு உறையும், கண்ணாடியில் ஒட்டும் தாளும் வேண்டிய நிறத்தில் கிடைக்கும். அந்தப் போனோடு கூடவே திரிய வேண்டிய சார்ஜர், கேபிள், பவர் பாங்க், ஹெட்செற் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடி வைக்க ஒரு உருப்படியான சின்னப் பை மட்டும் கிடைக்காது. கடை கடையாகக் கேட்டுக் களைத்துவிட்டேன். எங்கே கேட்டாலும் ஒரே மாதிரியான பவுச்சைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். எங்கோ தூர தேசத்தில், வேறெந்த நாட்டுக்காரருடையவோ சார்ஜருக்கு அளவெடுத்துத் தைத்து, கப்பலில் வந்து இறங்கிய பவுச். எங்கள் வீட்டுச் சாமான் அதற்குள் அடங்காது.

சின்ன விஷயந்தானே என்பார்கள். கீரிமலையில் இருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. குடாநாட்டின் வடக்கு விளிம்பில் இருக்கிற எங்களுக்கு எங்கே போவதென்றாலும் தூரப் பயணந்தான். 1990இல் நின்றுபோன ரயில் 2015 ஜனவரியில்தான் மறுபடி காங்கேசன்துறை வரை வந்தது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள். இடையிடையே நிறுத்துவதும் பிறகு தொடங்குவதுமாக அந்தச் சேவை இருக்கிறது. கால் நூற்றாண்டு போக்குவரத்து அற்றுக் கிடந்த கரையில் இன்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. போகிறவர்களின் கையைப் பாருங்கள். ஐந்தில் ஒருவராவது சொப்பிங் பைக்குள் சார்ஜரையும் வயரையும் சுருட்டி வைத்திருப்பார்.

கொழும்பு ரயிலில் இரவில் போய்ப் பார்த்தால் தெரியும். பெட்டிக்குள் மங்கல் வெளிச்சம். அநுராதபுரம் தாண்டப் போனில் சார்ஜ் இறங்கிவிடும். பக்கத்தில் நித்திரை கொள்ளுகிறவரை இடிக்காமல், மடியில் இருக்கும் பைக்குள் கையை விட்டுத் துழாவினால், இடியப்பம் பிழிந்தது போலப் பின்னிக் கிடக்கும் கேபிள்கள்தான் கையில் வரும். அதோடு சேர்ந்து சீப்பு வரும், அடையாள அட்டை வரும், பனடோல் பட்டை வரும். தேடின வயர் கடைசியாகத்தான் வரும். பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். சேலையில் பொக்கற் இல்லை, தைத்து விற்கிற சல்வாரில் பொக்கற் வைப்பதுமில்லை. ஆண்கள் பாதிச் சாமானைக் காற்சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். எங்களுக்கு எல்லாமே கைப்பைக்குள்தான் போக வேண்டும். கைப்பைக்குள் இன்னொரு சின்னப் பை இல்லாவிட்டால் பிறகு ஒன்றையும் கண்டெடுக்க முடியாது.

முதல் வில்லங்கம் பிளக்கில் இருக்கிறது. நாங்கள் பாவிப்பது 13 அம்பியர் சதுரப் பின் பிளக். பிரித்தானியா 1947இல் வகுத்த தரம். உலகத்திலேயே பாதுகாப்பான பிளக்குகளில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பெரும்பாலும் மடங்கும் பின் இல்லை. மேலே இருக்கும் பின் 22.7 மில்லிமீற்றர் நீளம், மற்ற இரண்டும் 17.7. சார்ஜரின் உடலும் பின்னுமாகச் சேர்ந்தால் மூன்று அங்குலத்துக்குக் கிட்ட வரும். கடையில் கிடைக்கிற பவுச்சின் ஆழம் பெரும்பாலும் இரண்டு அங்குலம். அமெரிக்காவில் பாவிக்கிற, தட்டையான பின் மடங்கி உள்ளே போகிற சார்ஜரை மனதில் வைத்துத்தான் அதைத் தைத்திருக்கிறார்கள். எங்களுடையதை வைத்து ஸிப்பை இழுத்தால் நடுவில் புடைத்து நிற்கும். அமத்தி மூடினால் அந்தப் பின் உள்ளே இருக்கும் வலையைக் குத்திக் கிழிக்கும். வலை கிழிந்த பிறகு அந்தப் பொக்கற்றுக்குள் மெமறி காட் வைத்தால் அது எங்கே போய் விழுமென்று சொல்லத் தேவையில்லை.

இதோடு முடியாது. பழைய வீடுகளிலும் மடங்களிலும் இன்னும் உருண்டைப் பின் பொயின்ற்தான். கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்கினாலும் உருண்டைப் பின்தான். ஆகவே ஒரு அடப்ரரும் கொண்டுபோக வேண்டும், அதுவும் ஒரு கட்டி. வெளிநாட்டில் இருந்து வந்து போன உறவுக்காரர் விட்டுவிட்டுப் போன சார்ஜர்கள் வேறு ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கின்றன. கனடாவில் இருந்து வந்தது இரண்டு தட்டைப் பின், சுவிஸிலும் பிரான்ஸிலும் இருந்து வந்தது இரண்டு உருண்டைப் பின், லண்டன்காரர் தந்தது மட்டும் எங்கள் பொயின்றில் நேரே ஏறும். கேபிளும் அப்படியே. 2024 டிசெம்பர் 28 தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற போன்களுக்கு டைப்-சி கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. அங்கே கழித்த பழைய போன் இங்கேதான் வருகிறது. அதனால் ஒரு வீட்டில் மூன்று விதமான கேபிள் இருப்பது எங்களுக்குச் சாதாரணம். உலகத்தில் ஆகக் குறைந்த சாமானோடு பயணம் போகிறவருக்குத் தைத்த பையை, ஆகக் கூடின சாமானோடு போகிற எங்களிடம் விற்கிறார்கள்.

அளந்து பார்த்து வாங்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. பவுச் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒட்டி அடைத்து வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் நடந்த கதை இது.

"தம்பி, இதுக்குள்ள என்ர சார்ஜரை ஒருக்கா வைச்சுப் பாக்கட்டே?"

"உடைச்சாப் பிறகு விக்கேலாது அக்கா. கொண்டுபோங்கோ, எல்லாம் பிடிக்கும்."

"எவ்வளவு ஆழம் எண்டாவது போட்டிருக்கே?"

"அது போடமாட்டாங்கள் அக்கா. வோட்டர் புரூப். நல்ல சாமான்."

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. அவருக்கு வந்த பெட்டியில் அளவு எழுதியிருக்கவில்லை. செருப்பைப் போட்டுப் பார்க்க விடுகிறோம், சட்டையைப் பிடித்துப் பார்க்க விடுகிறோம். ஒரு பொருளை வைப்பதற்கென்றே செய்த பையில் அந்தப் பொருளை வைத்துப் பார்க்க விடாமல் விற்பது எந்த ஊர் நியாயம்? ஒரே ஒரு பையைத் திறந்து மாதிரிக்கென்று மேசையில் வைத்தால் கடைக்கு என்ன நட்டம் வந்துவிடும்? இணையத்தில் வாங்கலாம் என்றாலும் இதே கதைதான். படத்தில் பெரிதாகத் தெரிவது கைக்கு வந்தால் பென்சில் உறை அளவு இருக்கும். திருப்பி அனுப்பும் செலவு பையின் விலையை விடக் கூட.

உள்ளே திறந்து பார்த்தால் இன்னொரு எரிச்சல். புத்தகம் போல இரண்டு பக்கமும் விரியும்; பக்கத்துக்குப் பத்து இலாஸ்ரிக் வளையங்கள். பேனைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று, என்னவென்றே தெரியாத எதற்கோ நாலு. எங்கள் வெக்கைக்கு இலாஸ்ரிக் எவ்வளவு காலம் தாங்கும் என்று இந்த ஊரில் பாவாடை கட்டின எவருக்கும் தெரியும். சில மாதத்தில் தொய்ந்துவிடும். தொய்ந்த பிறகு அந்த வளையங்கள் வெறும் தடங்கல். இருபது அறையில் எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதை விட ஒரே அறையில் தேடுவது சுகம். என்னைக் கேட்டால் இரண்டு அறை போதும்: கட்டிச் சாமானுக்கு ஒன்று, மெல்லிய சாமானுக்கு ஒன்று. மிச்சமெல்லாம் படத்தில் அழகாகத் தெரிவதற்காகத் தைத்தது.

உப்புக் காற்றைப் பற்றிக் கதைக்காமல் கீரிமலையில் ஒரு பொருளைப் பற்றியும் கதைக்க முடியாது. இங்கே கதவின் பிணைச்சலும் சைக்கிள் சங்கிலியும் துருப்பிடிக்கும் வேகம் எல்லோருக்கும் தெரிந்தது. மலிவான பவுச்சில் ஸிப்பின் தலைப்பகுதி துத்தநாகக் கலப்பில் வார்த்தது, அதை இழுக்கிற நாக்கு முலாம் பூசின இரும்பு. கடற்காற்றில் ஒன்று வெள்ளையாகப் பூக்கும், மற்றது செம்மண் நிறமாகத் துருவேறும். பிறகு ஸிப் பாதி வழியில் நின்றுவிடும். இழுத்தால் பல் விலகும். தலையும் நாக்கும் இப்படிப் பழுதானாலும், பல் நைலோனாக இருந்தால் கொஞ்சம் மெழுகுதிரி தேய்த்து ஓட்டலாம். பல்லும் உலோகமென்றால் ஒன்றும் செய்ய ஏலாது. ஜப்பானில் 1934இல் தொடங்கின வைகேகே போன்ற நிறுவனத்தின் ஸிப் போட்ட பை என்றால் நம்பி வாங்கலாம், ஆனால் அந்த மூன்று எழுத்து இருக்கிற பவுச் எங்கள் கடைகளுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

தோல் போலத் தெரிகிறதும் தோல் இல்லை. துணிக்கு மேல் பொலியூரித்தேன் பூசியிருப்பார்கள். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அந்தப் பூச்சு பாவிக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தாலும் தானாகச் சிதைந்து உரியும். உள்பக்கம் பூசியிருந்தால் பிசுபிசுத்து, சார்ஜரில் கறுப்புத் தூளாக ஒட்டும். இது பாவிக்கிறவரின் கவனக்குறைவால் வருவதில்லை, அந்தப் பொருளின் குணமே அப்படித்தான். ஐரோப்பியக் குளிருக்கு ஐந்தாறு வருடம் உழைப்பது இங்கே ஒரு மாரியைத் தாண்டாது. கடைக்காரர் சொல்கிற 'வோட்டர் புரூப்' துணிக்கு மட்டுந்தான் பொருந்தும். துணியில் தண்ணீர் போகாது. தையல் ஓட்டையாலும் ஸிப்பின் இடுக்காலும் தாராளமாகப் போகும்.

தண்ணீர் என்றதும் கீரிமலைக் கேணிதான் நினைவுக்கு வரும். வலிகாமத்தின் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கின மழைநீர் கடலோரத்தில் நன்னீராக ஊறி வருகிற இடம் அது. ஒரு மதில் தள்ளி உப்புக் கடல். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து, பிதிர்க்கடன் முடித்து நீராடி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டுப் போவார்கள். முன்பு வந்தவர்களின் கையில் வேட்டி, துவாய், பஸ் காசு. இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் போன், பவர் பாங்க், சிலரிடம் மோட்டார் சைக்கிள் திறப்பு, வங்கி அட்டை. படிக்கட்டில் அந்தச் சொப்பிங் பைகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும். ஈரத் துவாயையும் போனையும் ஒரே பைக்குள் போடுகிறார்கள். வேறு பை இல்லை. தர்ப்பணத்துக்கு நிற்கிற மனிதர் ஐயர் சொல்கிற மந்திரத்தில் மனம் வைக்காமல் திரும்பித் திரும்பிப் படியைப் பார்க்கிறார். தகப்பனை நினைக்க வந்த நேரத்தில் போனைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. கழுத்தில் மாட்டக்கூடிய, வாயை மூன்று மடிப்பு மடித்துப் பூட்டக்கூடிய ஒரு சின்ன உறை கேணிவாசலில் விற்றால் எத்தனை பேர் நிம்மதியாகக் குளிப்பார்கள்! கற்பூரமும் அருச்சனைத் தட்டும் விற்கிற இடத்தில் அதையும் விற்கலாம்.

சின்னப் பை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் போரால் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்கள் முதலில் எடுத்தது காணி உறுதியும், பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும் வைத்த றெக்சின் பையைத்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நடந்தபோதும் அந்தப் பை கமக்கட்டுக்குள் இருந்தது. இன்றைக்கும் பல வீடுகளில் கட்டில் தலைமாட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. 2009இற்குப் பிறகு இராணுவம் கட்டங் கட்டமாகக் காணியை விட்டபோது, அந்தப் பைக்குள் இருந்த உறுதிதான் இது என் காணி என்று சொன்னது. இருட்டில் கைவிட்டால் வேண்டினது அகப்பட வேண்டும், முழுவதும் விரித்தால் உள்ளே இருப்பது ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்பதை ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடி மேசையில் பையைக் கொட்டிக் காட்டின சனத்துக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்துப் பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது. அந்த ஊரில் இன்று ஒவ்வொரு கைப்பைக்குள்ளும் ஒரு பவர் பாங்க் இருக்கிறது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது அது வீட்டுக்கு வீடு அத்தியாவசியம் ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பொருளை, திறப்போடும் சில்லறைக் காசோடும் உரச விட்டுக் கொண்டு திரிவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. லித்தியம் பற்றரி அடி பட்டால், நசிந்தால், அதன் வாயில் உலோகம் பட்டால் சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பவர் பாங்க்கைப் பெரிய பெட்டிக்குள் போட்டு ஏற்றிவிட ஏலாது, கையோடு கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட் மணிக்கு உட்பட்டதென்றால் தடையில்லை, அதற்கு மேல் 160 வரைக்கும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 மில்லி அம்பியர் மணி என்றால் 3.7 வோல்ற்றால் பெருக்கினால் 74 வாட் மணி, பிரச்சினையில்லை. 30,000 என்றால் 111. அனுமதி கேட்க வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் எயார் பூசான் விமானம் ஒன்று நிலையத்திலேயே எரிந்த பிறகு பல நிறுவனங்கள் கெடுபிடியைக் கூட்டிவிட்டன. மேலே பைகள் வைக்கும் தட்டில் போடாமல், கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். பலாலியில் இருந்து சென்னைக்குப் பறப்பது சின்ன விமானம். கால் வைக்கும் இடமே அளவாகத்தான் இருக்கும். அங்கே மடியில் வைக்கக்கூடிய, உள்ளே என்ன இருக்கிறதென்று திறக்காமலே தெரிகிற மாதிரி ஒரு பக்கம் வலை வைத்த ஒரு பை இல்லாமல் பாதுகாப்புச் சோதனையில் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி அள்ளுகிறோம். அள்ளும்போது ஒன்று விடுபடும், அது பெரும்பாலும் அடப்ரர்.

எனக்கு ஆகக் கூடின ஆதங்கம் இதில்தான். எங்களிடம் இதைச் செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன. எங்கள் ஆச்சிமாரின் மடியில் கொட்டைப்பெட்டி இருந்தது. பனையோலையில் நெருக்கமாக இழைத்தது. ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற இரண்டு உறை. மேலுறையை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். உள்ளே காசுக்கு ஒரு தட்டு, பாக்கு வெற்றிலைக்கு ஒரு தட்டு. ஸிப் இல்லை, இலாஸ்ரிக் இல்லை, உப்புக் காற்றில் துருவேற ஒன்றுமே இல்லை. சாமான் கூடினால் மேலுறை உயர்ந்து இடம் கொடுக்கும். மடியில் செருகினால் விழாது. இன்றைய பவுச் விற்பவர் பக்கம் பக்கமாக எழுதுகிற குணமெல்லாம் அதில் இருந்தது. பனை அபிவிருத்திச் சபை தொடங்கி 1978இல் இருந்து இத்தனை வருடம் ஓடிவிட்டது. ஓலை இழைக்கிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு நாங்கள் செய்விப்பது என்ன? அலுமாரியில் வைத்துப் பார்க்கிற தொப்பியும் பூக்கூடையும், வெளிநாட்டுக்குப் போகிறவருக்குக் கொடுத்துவிடுகிற நினைவுப் பொருளும். நாளாந்தம் கையில் எடுக்கிற பொருளை அவர்களிடம் கேட்பவர் இல்லை. கேட்காததால் கூலியும் உயரவில்லை.

தையலுக்கும் குறைவில்லை. இலங்கையின் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்கு. கிளிநொச்சியில் எங்கள் பிள்ளைகள் உலகம் முழுக்கப் போடுகிற உடுப்பை மில்லிமீற்றர் பிசகாமல் தைக்கிறார்கள். சுன்னாகத்திலும் தெல்லிப்பளையிலும் பள்ளிக்கூடப் பைக்கு ஸிப் மாற்றிக் கொடுக்கிற தையல்காரர் இருக்கிறார்கள். இவர்களிடம் ஓலையும், நல்ல நைலோன் துணியும், பிளாஸ்ரிக் தலை வைத்த ஸிப்பும் கொடுத்தால் இந்தப் பை ஒரு பின்னேரத்து வேலை. ஆனால் மொத்த வியாபாரிக்கு ஒரு கொள்கலன் இறக்கினால் சுகம். ஒரு மாரி தாங்காத பை என்றால் அடுத்த வருடமும் வாங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்குக்கு நாங்கள் வருடா வருடம் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம், உரிந்த றெக்சின் எங்கள் வளவிலும் கடற்கரையிலும் குப்பையாகச் சேருகிறது.

ஆகவே தைக்கத் தெரிந்தவர்களுக்கும், ஓலை இழைக்கத் தெரிந்தவர்களுக்கும், அவர்களுக்கு வேலை கொடுக்கக்கூடிய சங்கங்களுக்கும் அளவைச் சொல்லிவிடுகிறேன். நீளம் எட்டு அங்குலம், உயரம் ஐந்து, ஆழம் குறையாமல் மூன்றரை. இரண்டு அறை. பிளக்கின் பின் படுகிற பக்கத்துக்குத் தடித்த துணி அல்லது இரட்டை ஓலை. ஒரு பக்கம் வலை. உலோகம் வேண்டாம், மினுக்கம் வேண்டாம். வாய் முழுவதும் திறக்க வேண்டும். தோளில் மாட்ட ஒரு நாடா. கேணிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வாய் மடித்துப் பூட்டுகிற உறையாகத் தனியே செய்யுங்கள். கடைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒன்றைத் திறந்து மேசையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு 13 அம்பியர் சார்ஜரையும் வையுங்கள். வெளியில் இருந்து வருவதை விட நூறு இருநூறு கூட என்றாலும் பரவாயில்லை, காசு கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறோம்.